குமிழ் எயார் மெத்தை: முதியோர் இல்லக் கட்டிலில் எவ்வளவு உதவும்?

வெளிநாட்டு உறவுகள் நினைவுநாள் அன்பளிப்பாக வன்னி முதியோர் இல்லங்களுக்குக் கொடுப்பவற்றில் இதுவும் சேர்ந்துவிட்டது. குமிழ் குமிழாய் எழும்பும் பிவிசி விரிப்பு, கட்டில் கால்மாட்டில் கொழுவும் சின்னப் பம், இரண்டு குழாய், அவ்வளவுதான். ஒரு வரிசை ஊத அடுத்த வரிசை இறங்கும். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். எலும்பு ஒரே இடத்தில் அழுத்தி இரத்தோட்டம் நிற்பதைத் தவிர்க்கும் ஏற்பாடு. படுக்கைப்புண் வராமல் தடுக்க வாங்கலாம். ஆழமாய் உடைந்த புண்ணுக்கு இது காணாது. நீள்குழாய் அறைகள் கொண்ட தடித்த வகை வேண்டும்.

பம்மின் திருகியை முழுக்கக் கூட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை. குமிழ் கல்லாய் இறுகும், ஆள் அதன் முனைகளில் கிடப்பார். குறைத்தாலோ நாரி அடிமெத்தையில் முட்டும். அளவைக் கைதான் சொல்லும். ஆளைப் படுக்கவைத்து அரைமணி கழித்து, உள்ளங்கை மேலே பார்க்க, விரிப்புக்கும் அடிமெத்தைக்கும் நடுவே நாரிக்குக் கீழ்ப்பக்கம் கையை விடுங்கள். ஓர் அங்குலக் காற்றாவது இருக்கவேண்டும். எலும்பு கையில் தட்டினால் கொஞ்சம் கூட்டுங்கள். தலைமாட்டை உயர்த்தினால் பாரம் குண்டிக்கு இறங்கும், திரும்பவும் பாருங்கள். சாப்பாட்டு நேரம் தவிர 30 பாகையைத் தாண்டவேண்டாம். ஆள் சறுக்கத் தோல் இழுபட்டு உள்ளே கிழியும்.

அடியில் ஸ்பொஞ் மெத்தை நல்லது. கட்டிகட்டியாய்த் திரண்ட பழைய தும்பு மெத்தை சரிவராது. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் தளர்வாக. இறப்பர் சீற், மடித்த சாரம், இரட்டைப் பம்பஸ் என்று அடுக்கினால் குமிழ் எழும்புவது உடம்புக்கு எட்டாது. பிவிசி வியர்வையை உறிஞ்சாது. சோளகக் காலத்து வெக்கையில் முதுகு ஊறிப்போகும் என்பதால் பருத்தி விரிப்பு ஈரமானதும் மாற்றவேண்டும்.

குதிக்காலை இந்த மெத்தை காப்பாற்றாது. கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்துக் குதியை அந்தரத்தில் விடுங்கள். தண்ணீர் நிரப்பிய கையுறை, காற்று வளையம் இரண்டும் வேண்டாம். வளையம் தன் ஓரத்திலேயே இரத்தோட்டத்தை நெரிக்கும்.

மெத்தை போட்டாச்சு என்று ஆளைத் திருப்புவதை நிறுத்துவது இன்னொரு வில்லங்கம். வழமையான 2 மணி நேரக் கணக்கு, ஆளைப் பக்கவாட்டில் 30 பாகை சரித்துப் படுக்கவைப்பது, இரண்டும் அப்படியே தொடரவேண்டும். திருப்பும்போது சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவிடக்கூடாது, தேய்க்கவும் கூடாது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடு, தடிப்பு, நோ ஆகியவற்றைப் பாருங்கள். முள்ளந்தண்டு காயப்பட்டு உணர்வற்றவர்களுக்கு நோவும் தெரியாது.

மாரியில் கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும். பம் ஓர் எல்ஈடி விளக்கின் அளவே கரண்ட் எடுப்பதால் சின்ன இன்வேட்டரே தாங்கும். ஓட்டையைச் சவர்க்கார நுரையில் தேடலாம். சைக்கிள் டியூப் சொலுசன் பிவிசியில் சரியாகப் பிடிக்காது, பெட்டிக்குள் வரும் ஒட்டுத்துண்டை எறியாதீர்கள். வாங்கும்போதே பம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அது நின்றால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு.