ஒரே டிஸ்க்கில் லாத்தா கல்யாணம்

இந்த முறை கீழக்கரைக்கு வந்ததும் உம்மா கையில் கொடுத்தது இரண்டு வி.எச்.எஸ். கேசட். லாத்தாவின், அதாவது என் அக்காவின் நிக்காஹ், 1996. வாப்பா நடந்து, பேசி, சிரிப்பதைப் பார்க்க வீட்டில் வேறு எதுவும் இல்லை. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கேசட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். துபாய்க்குத் திரும்பியதும் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, நாற்பது நிமிடப் படமாக்கி லாத்தா பிள்ளைகளுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் இன்னும் டிவிடி ரெக்கார்டர் வைத்திருந்தார்கள். நேராக லேப்டாப்பில் ஏற்றித் தர வசதி இல்லை, டிஸ்க் மட்டும்தான். "அஞ்சு மணி நேரம்தானே தம்பி, ஒரே டிஸ்க்ல அடக்கிடலாம், உங்களுக்கும் காசு மிச்சம்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். அதுதான் தப்பு.

இரண்டு நாள் கழித்து வாங்கி வந்து போட்டால், கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்றது. மறுபடி பஸ். ஃபைனலைஸ் செய்ய மறந்திருந்தார்கள். அந்தக் கடைசி வேலையை முடிக்காத டிஸ்க், பதிந்த மெஷினில் ஓடும். வெளியே பல இடங்களில் ஓடாது. கடையை விட்டு இறங்கும் முன்பே வேறொரு பிளேயரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, படம் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் கேமராக்காரர் கடலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அலை ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து கிடந்தது. லாத்தாவின் சேலை ஜரிகையில் பூவும் இல்லை, கொடியும் இல்லை, மஞ்சள் சதுரங்கள்தான். பழைய கேசட் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள். அதே கேசட்டைக் கடையின் டிவியில் ஓட்டச் சொன்னேன். ஜரிகை தெரிந்தது.

கணக்கு எளிது. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி இடம். ஒரு மணி நேரம் மட்டும் பதியும் எக்ஸ்பி முறையில் ஒவ்வொரு நொடிப் படத்தையும் எழுதிவைக்க ஏறத்தாழ 10 மெகாபிட் தகவல் கிடைக்கும். இரண்டு மணி நேர எஸ்பியில் அது 5. நான்கு மணி நேர எல்பியில் இரண்டரை. ஆறு மணி நேர ஈபியில் இரண்டு கூட இல்லை. போதாததற்கு, பல ரெக்கார்டர்கள் நேரம் நீள நீள 720க்கு 576 புள்ளிகள் என்ற முழு அளவை விட்டுவிட்டு அகலத்தைப் பாதியாக்கும், ஈபியில் உயரத்தையும் பாதியாக்கும். ஐந்து மணி நேரம் அடக்கிய என் டிஸ்க் ஈபி, 352க்கு 288. கேசட்டில் இருக்கும் இரைச்சல் புள்ளிகளையும் ரெக்கார்டர் அசைவு என்றே எடுத்துக்கொள்ளும். இருக்கிற கொஞ்சம் பிட்டை அதுவே தின்றுவிட்டால் அலைக்கு என்ன மிஞ்சும்?

பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஈபியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு என்றால் கதை வேறு. டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக இருக்காது. அரை நொடிக்கு ஒன்று முழு ஃபிரேம் என்றால், நடுவில் வருபவை முந்தைய, பிந்தைய ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். நடுவில் வெட்டினால் அந்தத் துண்டை மென்பொருள் புதிதாகச் சுருக்க வேண்டும். நிறம் திருத்தி, பெயர் போட்டால் வீடியோ முழுவதையும் இன்னொரு முறை சுருக்க வேண்டும். ஏற்கெனவே நசுங்கியதை மறுபடி நசுக்கினால் கட்டத்தின் மேல் கட்டம்தான்.

அப்புறம் கடைக்காரரிடமே போய் மறுபடி பதியச் சொன்னேன். "அஞ்சு டிஸ்க் ஆகுமே தம்பி!" ஒரு பேரம் பேசினோம். நிக்காஹ், ஊர்வலம், வீட்டு விசேஷம் உள்ள மூன்று மணி நேர முதல் கேசட் எக்ஸ்பியில், மூன்று டிஸ்க். இரண்டாவது முழுக்கப் பந்தி. அது எஸ்பியில் ஒன்று. ஒலியைச் சுருக்கிப் பதியும் டால்பியிலேயே விட்டேன். சுருக்காத பிசிஎம் வைத்தால் படத்துக்குப் போக வேண்டியதில் ஒன்றரை மெகாபிட் ஒலிக்கே போய்விடும். பழைய கேசட்டின் சத்தத்துக்கு அது வீண். ரெக்கார்டரிலேயே வெட்டித் திருத்துவதற்கான விஆர் முறை வேண்டாம், சாதாரண டிவிடி போல ஓடும் வீடியோ முறையிலேயே பதியுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். விஆர் முறையில் வரும் கோப்பைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் தொடவே தொடாது. மனிதர் குறை சொல்லவில்லை, டிஸ்க்குக்கு மட்டும் காசு வாங்கினார். ஃபைனலைஸ் செய்து, பிளேயரில் ஓட்டியும் காட்டினார்.

இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் டிவிடி டிரைவ் வருவதில்லை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். உடன் படித்தவனிடம் யுஎஸ்பி டிரைவ் இரவல் வாங்கித்தான் இத்தனையும் பார்த்தது. டிஸ்க்கில் படம் ஒரு ஜிபி அளவுத் துண்டுகளாக இருக்கும். அவற்றை வரிசையாகச் சேர்த்து ஒரே கோப்பாக்கிய பிறகு வெட்டத் தொடங்குங்கள். தனித்தனியாக வெட்டினால் இணைப்பில் சத்தம் விக்கும்.

எஸ்பி டிஸ்க்கில் வாப்பா சகன் தட்டைச் சுற்றி மூன்று பேரோடு உட்கார்ந்து, கேமராவைப் பார்த்ததும் கையை மறைக்கிறார். விரலிடுக்கில் ஒட்டிய சோறு தெரிகிறது. அந்தப் பதினோரு நொடியை எக்ஸ்பியில் எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

நான் கிளம்புகிற அன்றும் உம்மா பார்த்துக்கொண்டிருந்தது அந்த முதல் டிஸ்க்கைத்தான். கட்டம் கட்டமாகத் தெரியுதே என்றேன். "எழுந்து எழுந்து மாத்த வேண்டாமுல்ல வாப்பா" என்றார்.