காற்றுப் புகாத தானியப் பை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வெளியே நெய்த சாக்கு, உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள். மருந்தே சேர்க்காமல் இந்த மூன்றடுக்குப் பைகளில் தானியமும் பயறும் சேமித்துச் சில வருடங்கள் ஆகின்றன. பூச்சி சாகிறதா என்று கேட்டால், சாகிறது. ஆனால் கட்டி வைத்த மறுநாளே இல்லை.

தானியத்தோடு உள்ளே போன வண்டும் புழுவும் மூச்சு விட விட, பைக்குள் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே பயறு வண்டின் புழு தின்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். பூச்சி சாவதற்கு முன்பே சேதம் நின்றுவிடுகிறது.

அப்புறம், அது சாவதும் வெறும் மூச்சுத் திணறலால் அல்ல. காய்ந்த பயறுக்குள் கிடக்கும் புழுவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தின்றதை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும்போது உடம்புக்குள் உண்டாகும் நீரைத்தான் அது பெரிதும் நம்பியிருக்கிறது. ஆக்சிஜன் போனால் அந்த நீரும் போச்சு. கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால், பூச்சியின் பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத் துளைகள் மூடாமல் திறந்தே நிற்கும். உள்ளே மிச்சம் இருக்கும் ஈரமும் அந்த வழியாக வெளியேறிவிடும். நன்றாகக் காய்ந்த தானியத்தில் பலன் சீக்கிரம் தெரிவது இதனால்தான்.

பொறுமை தேவைப்படுவது கூட்டுப்புழு விஷயத்தில். வெளியே நடமாடும் வண்டு செத்துக் கிடப்பதைப் பார்த்துப் பையைத் திறந்தால், மணிக்குள் இருக்கும் கூன்வண்டின் கூட்டுப்புழு பிழைத்து வெளியே வரும். கார்பன் டை ஆக்சைடை வெளியிலிருந்து செலுத்தி 60 சதவீதத்தில் நிறுத்தும் கிடங்குகளிலேயே, 25 டிகிரி வெப்பத்தில் 10, 11 நாள் மூடி வைக்கிறார்கள். உறக்க நிலையில் இருக்கும் காப்ரா வண்டின் புழுவுக்கு அதுவும் போதாது. குளிர் நாட்களில் பூச்சியின் மூச்சே மெதுவாகிவிடுவதால் இன்னும் இழுக்கும். அதனால் நான் மாதக்கணக்கில் பையைத் தொடுவதே இல்லை.

குறைகளும் உண்டு. அரைகுறையாக நிரப்பிய பையில் காற்று அதிகம், ஆக்சிஜன் இறங்கவே நாளாகும். பையை நிரப்பி, காற்றைப் பிதுக்கி, ஒவ்வோர் உறையையும் தனித்தனியாக முறுக்கிக் கட்ட வேண்டும். எலி கடித்தால் எல்லாம் வீண். தானியத் துளைப்பான் வண்டு உள்ளிருந்தே உறையைத் துளைக்கும். ஒவ்வொரு முறையும் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்துகிறேன். ஈரத் தானியத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். காற்றில்லாத இடத்தில் அது புளித்து, சாராய வாடை அடிக்கும், முளைப்புத் திறனும் போய்விடும். காய்ந்த விதைக்கு அந்தப் பயம் இல்லை. விதைக்கு என் முதல் தேர்வு இந்தப் பைதான்.

பூச்சி குறைவாக இருந்த பையில் வாயு மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். அதைப் பார்த்துப் பை சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அவை பெருகத் தொடங்கினால் ஆக்சிஜனும் கூடவே தீரும். அன்றாடம் எடுத்துப் புழங்கும் தானியத்துக்கு இது சரிவராது. திறக்கும்போதெல்லாம் புதுக்காற்று புகுந்துவிடும். அதற்குச் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைப் பிரிக்கலாம்.