பள்ளி நாடகத்துக்கு நன்கொடை: ஒருநாள் காட்சியா, ஒரு மாதப் பட்டறையா?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நாடகத்தைக் கொண்டுபோகும் அமைப்புக்குப் பணம் கொடுக்க நினைத்தால், அதை மூன்று விதமாகச் செலவிடலாம். குழு பள்ளிக்கு வந்து ஒரு நாடகம் போட்டுவிட்டுப் போகலாம். சில வாரங்கள் தொடர்ந்து வந்து பிள்ளைகளையே நடிக்கவைக்கலாம். அல்லது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

ஒருநாள் காட்சிக்குச் செலவு குறைவு, பார்க்கிற பிள்ளைகளோ அதிகம். புதுச்சேரி வேலு சரவணனின் ‘ஆழி’ குழுவும் அவர்களுடைய ‘கடல் பூதம்’ நாடகமும் இதற்கு நல்ல உதாரணம். இந்த வகை நாடகத்துக்கு விளக்கோ திரையோ தேவையில்லை, மரத்தடி போதும். ஒரு வேனும் நாலைந்து நடிகர்களும் வந்தால் மொத்தப் பள்ளியும் சிரித்துவிட்டுப் போகும். நன்கொடையாளருக்கு அன்றே போட்டோவும் கிடைத்துவிடும். நாடகமே பார்த்திராத பள்ளிக்கு இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் அங்கே என்ன மிஞ்சும் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

என் ஓட்டு பட்டறைக்குத்தான். 1965இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், பெல்கிரேட் தியேட்டர் கல்விக்கான நாடகம் என்ற முறையைத் தொடங்கியபோதே, பிள்ளைகளைப் பார்வையாளராக மட்டும் உட்காரவைக்காமல் கதைக்குள் இழுத்தார்கள். பட்டறையில் நடப்பதும் அதுதான். ஒரு துண்டை நடுவில் போட்டு, ‘இது துண்டு இல்லை, வேறு என்ன?’ என்பார்கள். முதல் பையன் பாம்பு என்பான், அடுத்தவனும் பாம்பு என்பான். நாலைந்து பாம்புக்கு அப்புறம் ஒரு பெண் அதைச் சுருட்டிக் கையில் ஏந்தித் தாலாட்டத் தொடங்குவாள். முதல் வாரம் முழுக்க இப்படி விளையாட்டாகவே போகும். அந்த வாரம் பார்க்கப் போகிற நன்கொடையாளர் ‘பணம் வீண்’ என்று முடிவுகட்டிவிடுவார், போகாமல் இருப்பதே நல்லது.

இன்னும் ஆழமாகப் போனவர்களும் உண்டு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தியது. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் கற்று ஆடினார்கள். ஒருநாள் காட்சியில் இதற்கெல்லாம் வழியில்லை. ஆனால் இத்தகைய வேலைக்கு வருடா வருடம் பணம் வேண்டும், ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆசிரியர் பயிற்சி காகிதத்தில் மூன்றிலும் சிக்கனமானது. பயிற்சி பெற்றவர் அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போய்விட்டால், பழைய பள்ளியில் கதை முடிந்தது. ஒரே பள்ளியில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் அமைப்பானால் யோசிக்கலாம்.

பணம் அனுப்புவதற்குமுன் அமைப்பிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நடிகர்களுக்குச் சம்பளம் எவ்வளவு? பட்டறை எந்த மாதத்தில்? ஜனவரி பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு, தலைமையாசிரியர் ஒரு பீரியடுகூட விட மாட்டார். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு, காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் என்று சொல்கிற அமைப்புக்குப் பள்ளி நடப்பு தெரியும்.

வரிக் கழிவு எதிர்பார்ப்பவர்கள் அமைப்புக்கு அதற்கான வருமானவரித் துறைப் பதிவு (80ஜி என்று அறியப்படுவது) இருக்கிறதா என்றும் பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தக் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை.