கோலாலம்பூரிலிருந்து லுவாங் பிரபாங் வரை ரயிலிலேயே: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்காக ஒரு விமர்சனம்

மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் மூன்றையும் இப்போது ரயிலிலேயே கடக்கலாம். லாவோஸ்–சீனா பாதை 2021 டிசம்பரில் திறந்தது. பேங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு நேரடி ரயில் 2024 ஜூலையில் வந்தது. ஆனால் மொத்தப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் கிடையாது. மூன்று ரயில்வேயிடம் தனித்தனியாக வாங்க வேண்டும். ரயில்கள் நன்றாகவே இருக்கின்றன. பயணம் கெடுவதெல்லாம் ஒரு ரயில்வே முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான். அதனால் அந்த இடங்களைப் பற்றியே இங்கே அதிகம்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு அங்கிருந்தே கிளம்பத் தோன்றும். உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஐந்து நிமிட ஷட்டில் ரயில் உண்டு. போகும்போது 5 சிங்கப்பூர் டாலர், வரும்போது 5 ரிங்கிட். ஆனால் சிங்கப்பூருக்கு விசா எடுக்க வேண்டும். மலேசியாவில் 2026 முடியும்வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. ஊர்சுற்ற மட்டும் போகிறவர்கள் திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறிக் கோலாலம்பூரில் இறங்கி, திரும்பும்போது பேங்காக்கிலிருந்து சென்னைக்கு வருவதுதான் சிக்கனம்.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம் இருப்பதே தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில். வெளியே வந்தால் இட்லி, தோசைக் கடைகள்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கேயே ஒரு வேளைக்குக் கட்டிக்கொள்வது நல்லது. இ.டி.எஸ் மின்ரயில் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த் போய்விடும். நம் விழுப்புரம்–மயிலாடுதுறைத் தடத்தில் அகலப் பாதை வரும் முன் ஆடி ஆடிப் போன அதே மீட்டர் கேஜ்தான். இங்கே அதன்மேல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அதிராமல் ஓடுகிறார்கள். பட்டர்வொர்த் நிலையத்தை ஒட்டியே பினாங்கு ஃபெர்ரி. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இரண்டு இரவு கட்டாயம் தங்குங்கள். ஊர் அழகு ஒரு காரணம். இன்னொன்று, எல்லைக்குப் போகும் நாளில் கையில் அவகாசம் இருக்கும்.

எல்லை நிலையம் பாடாங் பெசார். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், முன்பதிவு தேவையில்லை. மலேசியா, தாய்லாந்து இரண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது கடிகாரத்தில். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். பேங்காக் ரயிலின் டிக்கெட்டில் மாலை 5 என்று இருந்தால் மலேசியக் கடிகாரத்தில் அது 6. போகும்போது இதனால் நஷ்டமில்லை, ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்போம், அவ்வளவே. திரும்பி வருகிறவர்கள்தான் மலேசிய ரயிலைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்த சிக்கல் இடம் கிடைப்பது. பாடாங் பெசாரில் கிளம்பும்போது அந்த ரயிலுக்கு இரண்டே தூங்கும் பெட்டிகள். மீதியைத் தாய்லாந்துக்குள் இருக்கும் ஹாட் யாயில்தான் கோர்க்கிறார்கள். விடுமுறை நாட்களில் இந்த இரண்டு பெட்டியும் சீக்கிரம் நிரம்பிவிடும். அப்படியானால் பாடாங் பெசாரிலிருந்து ஹாட் யாய்க்குத் தினம் இரண்டு முறை போகும் உள்ளூர் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பேங்காக் போகும் 32ஆம் எண் ரயிலில் பதிவு செய்யுங்கள். அதன் பெட்டிகள் புதியவை, முதல் வகுப்பும் சாப்பாட்டுப் பெட்டியும் உண்டு. இரண்டில் எது என்று கேட்டால் 32தான்.

தாய் ரயிலின் இரண்டாம் வகுப்பு ஏசியில் எல்லாப் படுக்கையும் நம் சைடு பெர்த் மாதிரி, நடைபாதைக்கு இருபுறமும் ரயில் போகும் திசையிலேயே நீளமாக இருக்கும். இரவு ஊழியர் வந்து எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்து மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, திரை மாட்டிவிட்டுப் போவார். கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னலும் அதற்குத்தான். மேல் படுக்கை ஒடுக்கம், ஜன்னல் இல்லை, விடிய விடிய எரியும் விளக்கு முகத்தருகில். வித்தியாசம் நூறு பாத் அளவுதான், கீழேயே எடுங்கள். ஏசி கடுங்குளிர், தரும் போர்வை மெல்லியது, ஒரு சால்வை இருக்கட்டும். சைவத்துக்குக் கேட்க வேண்டிய சொல் “ஜே”. வெறும் காய்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் வரும். தாய் ரயில்களில் மது குடிக்கத் தடை உண்டு, இரவு அமைதியாகவே போகும்.

மலேசியா, தாய்லாந்து இரு நாட்டுக்கும் வருகைப் படிவத்தை உள்ளே நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம், மூடிவிடுங்கள். தாய்லாந்தின் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

பேங்காக்கில் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து க்ருங் தெப் அபிவத் என்ற புதிய முனையத்துக்கு மாறிவிட்டன. பழைய ஹுவா லம்போங் பக்கம் விடுதி பிடித்தால் வீண் அலைச்சல். வியன்டியான் ரயில் இரவு எட்டரை வாக்கில் இங்கிருந்தே கிளம்புகிறது. காலையில் தாய்லாந்தின் எல்லை ஊரான நோங் காயில் எல்லோரும் இறங்கித் தாய்லாந்து முத்திரை வாங்கி மறுபடி ஏற வேண்டும். லாவோஸ் விசாவுக்கு ஒரு போட்டோவும் மடிப்பு, கிழிசல் இல்லாத டாலர் நோட்டுகளும் தனி உறையில் இருக்கட்டும்.

கடலூரில் திருப்பாதிரிப்புலியூரா, முதுநகரா என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்களே, வியன்டியானிலும் அதே கதை. பேங்காக் ரயில் வந்து நிற்பது கம்சவாத் நிலையத்தில். லுவாங் பிரபாங் ரயில் கிளம்புவது லாவோஸ்–சீனா பாதையின் நிலையத்தில், நடுவே வண்டி வைத்துத்தான் போக வேண்டும். அன்றே மாறப் பார்க்காமல் ஒரு இரவு தங்கிவிடுங்கள். லாவோஸ்–சீனா பாதையின் நிலையத்தில் விமான நிலையம் போலச் சோதனை உண்டு. சென்ட் ஸ்ப்ரே, கத்தரிக்கோல், காய் நறுக்கும் கத்தி எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். லுவாங் பிரபாங்குக்கு வேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஜன்னல் சீட்டுக்காகப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். வாங் வியேங் தாண்டியதும் சுரங்கத்துக்குமேல் சுரங்கம், மலை கண்ணில் படுவதற்குள் இருட்டிவிடும்.