ஒரு துறைமுகம், மூன்று வழிகாட்டி நூல்கள்

ஆங்கிலக் கால்வாயில் சிறிய பாய்மரப் படகு ஓட்டுபவர் பொதுவாக மூன்று நூல்களை எடைபோட்டுப் பார்ப்பார்: பிரிட்டிஷ் கடல்வரைபட அலுவலகத்தின் அட்மிரால்டி வரிசையில் வரும் 'சேனல் பைலட்', ஆண்டுதோறும் வெளியாகும் 'ரீட்ஸ் நாட்டிகல் அல்மனாக்', டாம் கன்லிஃப் எழுதி இம்ரே வெளியிட்ட 'ஷெல் சேனல் பைலட்'. மூன்றும் ஒரே கரையைப் பற்றிப் பேசினாலும், ஒரே வாசகருக்காக எழுதப்பட்டவை அல்ல. அக்கால்வாயிலுள்ள கேர்ன்சித் தீவின் செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகத்தை வைத்துச் சோதித்தால் இது தெளிவாகத் தெரியும்.

அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரும் ஓத (கடல் ஏற்றவற்ற) நாட்களில் நீர்மட்டம் சுமார் 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. விருந்தினர் படகுகள் தங்கும் விக்டோரியா மரீனாவின் வாயிலில், வரைபடத்தின் அடிமட்டத்துக்கு (ஓத உயரங்களை அளக்கத் தொடங்கும் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு) மேல் 4.2 மீட்டர் உயரத்தில், உள்ளே நீரைத் தேக்கிவைக்கும் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. நீருக்கடியில் 1.8 மீட்டர் இறங்கும் படகு அதைத் தாண்ட ஓதத்தின் உயரம் குறைந்தது 6 மீட்டர் வேண்டும். அலைக்காக அரை மீட்டர் சேர்த்து 6.5 என்று வைத்துக்கொள்வதே விவேகம். அந்த உயரம் எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு அல்மனாக்கில்தான் விடை இருக்கிறது. ஓத அட்டவணை, மணிக்கு மணி நீரோட்டப் படங்கள், துறைமுகத்தின் சிறு வரைபடம், வானொலி அலைவரிசை எல்லாம் ஒரே கட்டுக்குள் கிடைக்கின்றன. எழுத்து பொடியாகவும் சுருக்கக் குறிகள் நிறைந்தும் இருப்பதால், ஆடும் படகில் இரவில் வாசிப்பது கண்ணுக்குத் தண்டனைதான்.

அட்மிரால்டி நூலின் துல்லியத்தில் குறைசொல்ல ஏதுமில்லை; வாராந்தர அறிவிப்புகளால் அது தொடர்ந்து திருத்தப்படுகிறது. ஆனால் அது 150 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை மனத்தில் கொண்டு எழுதப்படுவது. கப்பல் மேல்தளத்திலிருந்து தெரியும் கரையை அது விரிவாக விவரிக்கும். சிறுபடகு ஒதுங்கும் இடங்களைப் பற்றி அதே அளவுக்குப் பேசாது. விடுமுறைப் பயணத்துக்கு அதை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

கன்லிஃபின் நூல் எண்களில் அல்மனாக்குக்கு ஈடாகாது. அதன் பலம், எப்போது போகக்கூடாது என்று சொல்வதில் இருக்கிறது. ஆல்டர்னி தீவுக்கும் பிரான்சின் லா ஹேக் முனைக்கும் இடைப்பட்ட ஆல்டர்னி ரேஸ் என்ற நீரிணையில் பெரும் ஓத காலத்தில் நீரோட்டம் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தைத் தாண்டும்; 6 நாட் வேகத்தில் ஓடும் படகு அதை எதிர்த்தால் பின்னோக்கித்தான் போகும். காற்று ஓட்டத்துக்கு எதிராக வீசினால் அலை செங்குத்தாக எழுந்து உடையும். இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டத்தின் வேகத்தை அட்டவணையில் காண்பது ஒன்று. அன்றைய காற்றோடு சேர்த்து எடைபோட்டு, துறைமுகத்திலேயே இன்னொரு நாள் தங்கிவிடலாம் என்று முடிவெடுப்பது வேறொன்று. இரண்டாவதற்கு, அந்தக் கடலில் தானே படகோட்டிய ஒருவரின் எழுத்து தேவைப்படுகிறது.

பயனர்கள் குறிப்பு எழுதும் கைப்பேசிச் செயலிகள் உணவகத்துக்கும் கழிப்பறைக்கும் நல்ல வழிகாட்டிகள். நங்கூரமிடும் இடத்தைப் பற்றிய குறிப்பு எந்தக் காற்றில், எந்த ஓதத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

ஒரே நூலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அல்மனாக்கை வாங்கலாம். அதுவும் நடப்பாண்டுப் பதிப்பாக இருக்க வேண்டும், சென்ற ஆண்டின் ஓத அட்டவணை எதற்கும் உதவாது. கன்லிஃபின் நூலைப் பழைய பதிப்பாகவே மலிவாக வாங்கலாம்: பாறையும் நீரோட்டமும் இடம் மாறுவதில்லை. மிதவைகளையும் விளக்குகளையும் மட்டும் திருத்தப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.