கான்ஸ்டிடியூஷன் ஹில், ஜோகன்னஸ்பர்க்: முதலில் சிறை, பிறகே நீதிமன்றம்

பிராம்ஃபொன்டைன் மேட்டில் பழைய கோட்டைச் சிறை, 'நம்பர் ஃபோர்', பெண்கள் சிறை, தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் நான்கும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நுழைந்ததும் நீதிமன்றம்தான் கண்ணை இழுக்கும். அங்கே போகாதீர்கள். முதலில் நம்பர் ஃபோர்.

கறுப்பின ஆண்களை அடைத்த சிறை அது. கழிப்பறைகளுக்கு எதிரே முற்றத்தில் உட்கார்ந்துதான் சாப்பாடு. யாருக்கு எவ்வளவு என்பதை இனமே தீர்மானித்தது. முன்னாள் கைதிகள் போர்வைகளை மடித்துச் செய்த உருவங்களைப் பார்க்காமல் வரக் கூடாது. இந்தச் சிறை வளாகத்தில் காந்தி இருந்திருக்கிறார். 1908 ஜனவரியில் சிறையிலிருந்தே டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்கு அவர் எழுதிய சமரசக் கடிதத்தில் அவருடைய சக சத்தியாகிரகி தம்பி நாயுடுவும் கையெழுத்திட்டார்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நீதிமன்றத்துக்குள் போனால்தான் அங்குள்ள செங்கல் சுவர் புரியும். விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து எடுத்த செங்கற்கள் அவை. மாடிப்படிக் கூண்டுகள் நான்கை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். 11 நீதிபதிகளின் இருக்கைக்குப் பின்னால் நீளவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் வெளியே நடப்பவர்களின் கால்கள் தெரியும்.

வழிகாட்டியிடம் 1996 பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நிறவெறி ஆட்சியை முடித்துவைத்த 1994 தேர்தலுக்கு முன்பே பேச்சுவார்த்தைத் தரப்புகள் 34 கோட்பாடுகளை ஒப்புக்கொண்டன. புதிய அரசமைப்பு அவற்றுக்கு இணங்குகிறதா என்று பார்ப்பது இந்த நீதிமன்றத்தின் வேலை. மக்கள் தேர்ந்தெடுத்த அவை எழுதிய வரைவையே செப்டம்பரில் திருப்பி அனுப்பியது. திருத்திய பிறகு டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. வாக்கு எண்ணிக்கையில் தோற்கப்போவது தெரிந்த கட்சிகளும் மேசையை விட்டு எழாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். வளாகத்தில் இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை.

சுற்று ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என இரண்டு வகை. நீளமானதையே எடுங்கள், குறுகியதில் ஓட்டமும் நடையுமாகிவிடும். நிறவெறி எதிர்ப்புப் போராளிகள் வின்னி மண்டேலாவும் ஆல்பர்டினா சிசுலுவும் அடைபட்ட பெண்கள் சிறைக்குத் தனியாக நேரம் வேண்டும். வழக்கு விசாரணையைப் பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் நீதிமன்றம் ஆண்டு முழுக்கக் கூடுவதில்லை. பிப்ரவரி–மார்ச், மே, ஆகஸ்ட்–செப்டம்பர், நவம்பர் தவணைகளில்தான். விசாரணை காலை 10 மணிக்குத் தொடங்கும். பட்டியலை முன்கூட்டியே பார்க்காமல் போனால் காலி இருக்கைகளைத்தான் பார்க்க நேரும்.