மனைவி ஓட்டினால் பாடும், நான் ஓட்டினால் பாடாது: ஒரு கார் ஸ்டீரியோவோடு ஆறு வருடம்

ஏற்காட்டில் என்னோடு வேலை செய்யும் நண்பர் போன வாரம் கேட்டார். "என் வண்டியில ஸ்டீரியோ செட்டுல லைட்டு எரியுது, சத்தம் மட்டும் வரலைங்க. புதுசு போட்டுரலாமா? நீங்க வெச்சிருக்கிற செட்டு எப்படி?" வாயால் சொன்னால் இரண்டாவது கேள்விக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

செட் ஆறு வருடம் பழையது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு ஸ்பீக்கர், சத்தத்தைப் பெருக்கும் தனிப் பெட்டி, அதாவது ஆம்ப்ளிஃபயர், கிடையாது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. இந்தப் பாதையில் தினமும் போய் வருகிறேன். மலையில் பல இடத்தில் போனுக்கு சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் எல்லாப் பாட்டும் பென் டிரைவில்தான். தவிலின் அடி தவில் மாதிரியே கேட்கும். இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டு ஏறும்போதும் குரல் அமுங்காது. அந்த வகையில் இந்த செட்டுக்கு இன்றைக்கும் நான் விசுவாசமாகத்தான் இருக்கிறேன்.

போன வருடம் கார்த்திகை மாதம், மழை நாள். ஒரு காலை சாவியைத் திருப்பினேன். திரை எரிந்தது, பாட்டின் பெயர் ஓடியது, நிமிடமும் நகர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. மியூட் இல்லை, வால்யூம் முழுதாக இருந்தது, முன், பின் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரும் நடுவில்தான் இருந்தது. திரை எரிகிறது என்றால் செட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் மஞ்சள் வயரிலும் சிவப்பு வயரிலும் கரண்ட் வருகிறது, செட்டின் ஃபியூஸ் போகவில்லை என்று அர்த்தம். அதுவரை சரியாகத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்தாள். "நல்லாத்தானே பாடுச்சு?" என்றாள். திங்கட்கிழமை நான் உட்கார்ந்தேன், சத்தம் இல்லை. இப்படியே வாரா வாரம். அவள் ஓட்டுவது சேலத்துக்குள், நான் ஏறுவது பனிக்குள். ஈரம் கனெக்டரில் இறங்குகிறது என்று முடிவு கட்டி, செட்டை வெளியே இழுத்துப் பின்களையெல்லாம் கிளீனர் அடித்துத் துடைத்தேன். ஒரு பயனும் இல்லை.

வண்டி வாங்கிய இடத்தின் சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் "பாடுதே சார், ஒண்ணுமில்ல" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் சத்தம் நின்றுவிடும். மூன்றாம் முறை போனபோது, "உள்ள ஐசி போயிருக்கும், செட்டை மாத்திருங்க" என்று 16,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐசி என்றால் செட்டுக்குள் சத்தத்தைப் பெருக்கும் சில்லு. வயரைச் சோதிக்கும் மீட்டரைக் கையில் எடுக்காமலே எழுதிய சீட்டு அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் செட்டைத் தொடவில்லை, முதலில் என்னைத்தான் கேட்டார். "வீட்டம்மா ஓட்டுனா மட்டும் பாடுதுன்னா, அவங்க உக்காந்ததும் என்னங்க பண்ணுவாங்க?"

"சீட்டை முன்னாடி இழுத்துக்குவாங்க." நான் உயரம். மறுபடி கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளினால்தான் என் கால் மடங்கும்.

அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. செட்டின் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் சாக்கெட்டைக் கழற்றினார். ஒவ்வொரு ஜோடி வயரிலும் மீட்டர் வைத்தார். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் அளவில் காட்டும். நாலும் அப்படியே காட்டின, அதாவது ஸ்பீக்கர் எதுவும் சாகவில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைக் காரின் பாடியில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டார். வெள்ளை, சாம்பல், பச்சை எல்லாம் அமைதி. ஊதாவில் மீட்டர் கீச்சென்று கத்தியது, அதாவது அந்த வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஊதா என்றால் பின்பக்கம் வலது ஸ்பீக்கர், அதன் வயர் போவது டிரைவர் சீட்டுக்கு அடியில். "சீட்டை முன்னாடி இழுங்க" என்றார். இழுத்தேன், கீச்சு நின்றது. பின்னால் தள்ளினேன், மறுபடி கத்தியது.

பின் ஸ்பீக்கர் மாட்டிய கடையில் வயரைக் குழாய்க்குள் விடாமல் வெறுமனே சீட்டு ரெயிலை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆறு வருடம் சீட்டு முன்னும் பின்னும் உரசி, மேல் உறை தேய்ந்து, ஒரு விரல்கடை நீளத்துக்குச் செம்பு தெரிந்தது.

ஒரு வயர் உரசினால் நாலு ஸ்பீக்கரும் ஏன் ஊமையாக வேண்டும்? அவரிடமே கேட்டேன். அந்தக் கால ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியிலேயே கொடுத்துவிடலாமாம். இப்போதைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும், பேட்டரியின் 12 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நின்றுகொண்டிருக்கும். இரண்டில் எது பாடியைத் தொட்டாலும் ஷார்ட்தான். நாலு சேனலும் ஒரே ஐசிக்குள் இருப்பதால், அது எரியாமல் தப்பிக்க என் செட் மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. தொடுவது விலகினால் தானாகப் பாடும். செட் பழுதாகவே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வயரை வெட்டி, ஈயம் வைத்து, உறை போட்டு, நெளிவுக் குழாய்க்குள் விட்டு ரெயிலுக்கு எட்டாத தூரத்தில் கட்டினார். 300 ரூபாய். நான் 500 கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நண்பரே, உங்கள் வண்டியில் தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதனால் முதலில் செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ரிமோட் வயரைப் பாருங்கள். செட்டைப் போட்டதும் அதில் 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆம்ப்ளிஃபயர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அது வந்தால் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ், எர்த் வயர். அதுவும் சரி என்றால் ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு அதில் ஒரு டார்ச் செல்லை லேசாகத் தொட்டுப் பாருங்கள். "டப்" என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயையும் விடாதீர்கள். திறந்து மூடி அதற்குள்ளும் வயர் அறும்.

நான் வைத்திருக்கும் இந்த செட்டை வாங்கலாமா என்றால், வேண்டாம். சத்தம் அருமை, ஆறு வருடத்தில் ஒரு பட்டன்கூடத் தேயவில்லை. ஆனாலும் வேண்டாம். கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டுகிறது, பாட்டின் படத்தைக் காட்டுகிறது. ஸ்பீக்கர் வயர் பாடியைத் தொடுகிறது என்று செட்டுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் நின்றது. அதை ஒரு வரியில் திரையில் காட்ட அதற்கு வழி வைக்கவில்லை. ஜேவிசி செட்டுகள் சிலவற்றில் இப்படி ஆனால் வயரிங்கைப் பார்க்கச் சொல்லித் திரையில் எழுத்து வரும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஐந்து மாதம் நான் பாட்டில்லாமல் மலை ஏறியிருக்க மாட்டேன்.

இடது பக்கச் சீட்டுக்கு அடியிலும் வயர் அதே மாதிரிதான் வெறுமனே கிடக்கிறது. வரும் ஞாயிறு அதற்கும் குழாய் போடப் போகிறேன். உங்கள் வண்டியையும் கொண்டுவாருங்கள், மீட்டர் என்னிடம் இருக்கிறது.